துரோகப் பட்டியலும் ஒரு பழைய ஒலிநாடாவும்: சிசிசிபி இசைக்குழுவை முன்வைத்து

‘சிசிசிபி – ஃபெதேலி அல்லா லீனியா’ என்னும் இத்தாலிய போஸ்ட்-பங்க் இசைக்குழுவின் ‘புதிய’ தொகுப்பு 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. பெயர் ‘அல்த்ரோ கே நுவோவோ நுவோவோ’. ‘புதுசாம், புதுசு!’ என்று உதட்டைச் சுழிப்பதற்கு ஏறத்தாழ ஒப்பான தொடர். உள்ளே இருப்பதோ 1983-இல் ரெஜ்ஜோ எமிலியா நகரில் நடந்த கச்சேரியின் ஒலிப்பதிவு. நாற்பதாண்டுப் பழஞ்சரக்கு.

இக்குழுவைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு தீர்ப்புகள் ஆயத்தமாக நிற்கின்றன. முதல் தீர்ப்பு: பாடகர் ஜொவான்னி லிந்தோ ஃபெர்ரெத்தி துரோகி. எண்பதுகளில் சோவியத் சின்னங்களின் கீழ் நின்று பாடியவர், 2000-களில் கத்தோலிக்கத் திருச்சபையின் மடியில் போய் விழுந்தார். போப் பதினாறாம் பெனடிக்டைப் போற்றினார். வலதுசாரிகளுக்குச் சாதகமாகப் பேசினார். ஆகவே பழைய பாட்டெல்லாம் பொய். இரண்டாம் தீர்ப்பு: அன்று நடந்தது வெறும் கேலிக்கூத்து, எதையும் எவரும் நம்பவில்லை, நம்பாத ஒன்றுக்குத் துரோகம் ஏது? முதல் சாரார் கண்ணீர் வடிக்கிறார்கள். இரண்டாம் சாரார் கண்ணடிக்கிறார்கள். இரு சாராருமே பாட்டைக் காது கொடுத்துக் கேட்கவில்லை என்பதுதான் நமது குற்றச்சாட்டு.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ருஷ்ய எழுத்தில் ‘எஸ்.எஸ்.எஸ்.ஆர்.’ என்று வாசிக்க வேண்டிய நான்கு எழுத்துகளை, ருஷ்யம் அறியாத இத்தாலியன் தன் எழுத்தாகவே பாவித்துப் படித்தால் வருவதுதான் இந்தப் பெயர். பின்னொட்டு, ‘கட்சிவழி வழுவாதவர்கள்’ என்று பொருள்படும். வழுவாமையைப் பறைசாற்றும் பெயரே ஒரு பிழைவாசிப்பு! நண்பர்கள் இதை வெறும் வேடிக்கை என்று கடந்துவிடக் கூடாது.

ஃபெர்ரெத்தியும் கிதார் கலைஞர் மாஸ்ஸிமோ ஸம்போனியும் சந்தித்தது 1981-இல், பெர்லினில். குழு உருவானது 1982-இல். ஊர் ரெஜ்ஜோ எமிலியா. 1960 ஜூலை 7 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்களைப் பலிகொடுத்த நகரம் அது. இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் அசைக்க முடியாத கோட்டை எமிலியா மாநிலம். அங்கே கம்யூனிசம் கலகமல்ல. நகராட்சி நிர்வாகம், கூட்டுறவுச் சங்கம், கட்சிப் பத்திரிகையின் பெயரால் ஆண்டுதோறும் நடக்கும் திருவிழா, ஞாயிற்றுக்கிழமை நடனக்கூடம். தந்தையின் ஆட்சியே செங்கொடியின் கீழ் நடக்கும் ஊரில் மகன் எதைக் கொண்டு கலகம் செய்வான்? 1981 டிசம்பரில், போலந்தில் ராணுவச் சட்டம் வந்ததை அடுத்து, கட்சித் தலைவர் பெர்லிங்குவேர் அக்டோபர் புரட்சியின் உந்துவிசை தீர்ந்துபோயிற்று என்று அறிவித்தார். கட்சி மாஸ்கோவை விட்டு விலகிய அந்தத் தறுவாயில்தான் இந்த இளைஞர்கள் மாஸ்கோவின் பெயரைச் சூடிக்கொண்டார்கள். கட்சியை விடக் கட்சிக்காரர்களாக வேடமிட்டார்கள். மேளக்காரருக்குப் பதில் தாள இயந்திரம். மேடையில் அன்னரெல்லா ஜூதிச்சியின் ஆடை அணிவகுப்பு. தனிலோ ஃபாத்தூரின் உடல் கூத்து.

1986-இல் வந்த முதல் முழுத்தொகுப்பின் தலைப்பு, ‘தோழர் டோக்ளியாட்டிக்கும் நமக்கும் இடையிலான ஒற்றுமை–வேற்றுமைகள்’ என்ற பொருளில் அமைந்தது. 1962-இன் இறுதியில் சீனக் கட்சியின் ஏடு இத்தாலியக் கட்சியைச் சாடி எழுதிய புகழ்பெற்ற தலையங்கத்தின் தலைப்பைத் திருகி எடுத்தது. முன்னொட்டாக 1964–1985 என்ற ஆண்டுகள். பின்னொட்டாக ‘வயது வந்தமை பற்றி’ என்ற துணைத்தலைப்பு. டோக்ளியாட்டி மறைந்தது 1964-இல். கூட்டிக் கழித்தால் இருபத்தொன்று. தந்தை இறந்து இருபத்தோராண்டில் மகன் மேஜராகிறான் என்பது நமது வாசிப்பு. ஒரு தலைப்புக்குள் இத்தனை வரலாற்றை அடைத்தவர்களைக் கோமாளிகள் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

வஞ்சப்புகழ்ச்சி என்று நம் அணியிலக்கணம் ஒன்றைச் சொல்கிறது. புகழ்வது போல் பழிப்பது. பழிப்பது போல் புகழ்வது. இரண்டாம் சாரார் இக்குழுவை முதல் வகையில் மட்டும் அடக்கப் பார்க்கிறார்கள். அது போதாது. 1987-இன் ‘சோஷலிஸ்மோ எ பார்பாரியே’ தொகுப்பில் சோவியத் தேசிய கீதத்தின் மெட்டிலேயே ஒரு பாட்டு உண்டு. 1989-இல் குழு மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் பாடியபோது, அந்த மெட்டைக் கேட்டு அரங்கிலிருந்த படைவீரர்கள் எழுந்து நின்றார்கள் என்று சொல்லப்படுகிறது. எழுந்தவர்களை ஏமாந்தவர்கள் என்று சிரிப்பதற்கு நமக்கு என்ன உரிமை? மெட்டு மெட்டாகத்தான் இருந்தது. பகடிக்கும் பக்திக்கும் நடுவே கோடு கிழிக்க முடியாத இடத்தில்தான் இவர்களுடைய கலை நின்றது.

துரோகப் பட்டியல் எழுதுவோர் தவறவிடும் சான்று இதே தொகுப்பில் இருக்கிறது. சோவியத் கீதத்தோடு ‘லிபேரா மே தோமினே’ என்ற பாட்டும் அதில் உள்ளது. கத்தோலிக்கர் இறந்தோருக்காகப் பாடும் லத்தீன் மன்றாட்டின் பெயர் அது. பக்கத்திலேயே ‘சூரா’, ‘ராதியோ காபூல்’. 1984-இன் முதல் சிறுதட்டிலேயே ‘பங்க் இஸ்லாம்’. 1989-இன் தொகுப்புத் தலைப்பிலோ ‘பிரார்த்தனைகள்’ என்ற சொல்லே இருக்கிறது. அதில் ‘மாத்ரே’, அன்னை மரியாளை நோக்கிய பாட்டு. முதல் முழுத்தொகுப்பில் வாலியம், தாவோர், செரெனாஸே என மூன்று மனநல மருந்துகளின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாட்டு வருகிறது. ஃபெர்ரெத்தி அதற்கு முன் மனநலப் பணியாளராக இருந்தவர். மாத்திரைப் பெயர்கள் அவர் வாயில் நாமாவளியாகின்றன. கட்சி முழக்கமும் மருந்துச் சீட்டும் ஜெபமாலையும் ஒரே குரலில் ஓதப்பட்டன. இத்தனையும் கண்முன் கிடக்க, திருச்சபை 2000-களில் திடீரென்று வானத்திலிருந்து குதித்தது என்பது என்ன வாசிப்பு?

இதனால் ஃபெர்ரெத்தியின் இன்றைய அரசியலை நாம் ஏற்கிறோம் என்று எவரும் முடிவுகட்ட வேண்டாம். நாம் ஏற்கவில்லை. ஆனால் ஐம்பது வயதுக்காரரின் வாக்குமூலத்தை முப்பது வயதுக்காரரின் பாட்டுக்கு உரையாக ஒட்டுவது விமர்சனமாகாது, காவல்நிலைய வேலை. கட்சி மாறிய எழுத்தாளனின் பழைய நூலைப் பழிவாங்கும் பழக்கம் நம் சிற்றிதழ் உலகுக்கும் புதிதன்று. அதனால் இந்த நோய் நமக்கு நன்றாகவே தெரிகிறது. மேலும், குழு என்பது பாடகர் மட்டுமா? ஸம்போனி 2015-இல் எழுதிய ‘லெக்கோ தி உனோ ஸ்பாரோ’ என்ற நூல், 1944-இல் பார்ட்டிசான்களால் சுட்டுக்கொல்லப்பட்ட தம் பாசிசத் தாத்தாவைப் பற்றியது. செங்கோட்டையின் மகனுக்குள்ளும் இப்படி ஒரு பிணம் கிடந்தது. வழுவாமை என்ற சொல்லை இவ்விருவரும் எவ்வளவு கனத்தோடு உச்சரித்திருப்பார்கள் என்பதை அதன்பின் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

உண்மையில் சண்டை போட வேண்டிய இடம் வேறு. 2023 அக்டோபரில் ரெஜ்ஜோ எமிலியாவில் இக்குழுவுக்குப் பெரும் கண்காட்சி திறந்தார்கள். இடம், சான் பியெத்ரோ என்னும் பழைய துறவிமடத்தின் முற்றங்கள். அடுத்த ஆண்டு பெர்லினில் கச்சேரிகள், பொலோஞா பெருஞ்சதுக்கத்தில் கச்சேரி. ‘எமிலியா பரனோயிகா’ என்று தன் மண்ணையே மனப்பிறழ்வாகப் பாடிய குழு அம்மண்ணின் அருங்காட்சிப் பொருளாயிற்று. ஜெபமாலை நம்மை உறுத்துவதைவிட நுழைவுச்சீட்டு அதிகம் உறுத்துகிறது. 1990 அக்டோபர் 3 அன்று, இரு ஜெர்மனிகளும் இணைந்த அதே நாளில், கலைந்துபோன குழு இது. அவ்வளவு துல்லியமாகச் சாகத் தெரிந்தவர்கள் உயிர்த்தெழாமலே இருந்திருக்கலாம்.

ஆனால் இந்த ஒலிநாடாவை அந்தக் கணக்கில் சேர்க்க நாம் தயங்குகிறோம். முதல் இசைத்தட்டு வெளிவருவதற்கும் முந்தைய குரல் இது. பின்னால் தட்டேறிய பாட்டுகளும் எங்குமே ஏறாத பாட்டுகளும் கலந்து, மெருகில்லாமல் கிடக்கின்றன. துரோகம் செய்வதற்கு இன்னும் எதுவுமே கையில் இல்லாத சில இளைஞர்கள் சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் கத்துகிறார்கள். தீர்ப்பெழுதும் நண்பர்கள் இதை முதலில் கேட்கட்டும். பிறகு 1987 தொகுப்புக்குப் போகட்டும். அந்த லத்தீன் பாட்டை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.