நீரிழிவும் குடியானவரும்

நீரிழிவு பட்டணவாசிகளுக்கே உரிய வியாதியென்றும், கழனியில் பாடுபடுவோரை அது அணுகாதென்றும் குடியானவர் பலர் எண்ணுகின்றனர். இது தவறு. 2023-ம் வருஷம் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வின்படி, இந்நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இவ்வியாதி உண்டு. கிராமங்களும் இதற்கு விலக்கல்ல.

பரம்பரை ஒரு காரணமே. எனினும் முன்னாளில் கவலை ஓட்டியும் ஏர் பிடித்தும் உழைத்தோம். இன்று பம்பு செட்டு நீர் இறைக்கிறது, டிராக்டர் உழுகிறது. உழைப்புக் குறைந்தும் இலையிலிடும் சோறு குறையவில்லை.

கேழ்வரகுக்கு மாறினால் போதுமென்பர் சிலர். தீட்டிய அரிசியினும் அதில் நார்ச்சத்து அதிகமே. ஆயினும் அதுவும் மாச்சத்துள்ள தானியம். நைய அரைத்த கூழை அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறவே செய்யும். கேழ்வரகைப் பயிரிடுமாறு ஊர்தோறும் கூறிவரும் நானே இதையும் கூறக் கடமைப்பட்டுள்ளேன். தானியத்தைக் குறைத்து, கீரை, காய், பயறு வகைகளைக் கூட்டுவதே நலம். வேலையில்லா நாட்களிலும் அரைமணி நேரம் நடத்தல் வேண்டும்.

மருந்துண்போர் வெறும் வயிற்றுடன் வயலுக்குச் செல்லலாகாது. கைநடுக்கமும் வியர்வையும் கண்டால் உடனே உண்பதற்குச் சிறிது சர்க்கரையை மடியில் வைத்திருத்தல் அவசியம்.

யாவற்றினும் முக்கியமானது பாதம். இவ்வியாதி முற்றினால் பாதத்தில் உணர்ச்சி குன்றும். முள் தைத்ததும் தெரியாமல், புண் புரையோடிக் காலையே இழந்தோர் உண்டு. வரப்பில் செருப்பின்றி நடவாதீர். சேற்றிலிருந்து கரையேறியதும் கழுவித் துடைத்து, இரவில் விளக்கொளியில் உள்ளங்காலைச் சோதியுங்கள். பயிரில் புழு விழுந்ததா என்று தினமும் பார்க்கும் நமக்கு இது பெரிய வேலையன்று.