கப்பல் பயணக் கணக்கைப் பிள்ளையிடம் கொடுங்கள்



ஆண்டிறுதி விடுமுறை நெருங்கினாலே ஆசிரியர் அறையில் "இம்முறை எங்கே?" என்ற பேச்சு எழுந்துவிடும். அண்மைக் காலமாக அதற்கு விடையாக உல்லாசக் கப்பல் பயணம் என்ற சொல் அடிக்கடி காதில் விழுகின்றது. ஒருவர் சம்பளத்தில் நடக்கும் குடும்பத்திற்கு அது கட்டுப்படியாகுமா என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டனர். நானும் படிவம் மூன்றில் பயிலும் என் மகனும் மட்டுமே உள்ள வீடு என்னுடையது. அவன் தந்தை மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. எனவே, பட்டறிந்ததையே இங்கு எழுதுகின்றேன்.

புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் பலருக்குக் கப்பல் என்பது உல்லாசம் அன்று, பிழைப்பு. என் பாட்டி நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பலேறி, மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர். அவர் இறங்கிய போர்ட் சுவெட்டன்ஹாம்தான் இன்றைய போர்ட் கிள்ளான். அதே கடலில் நாம் பொழுதுபோக்கிற்காகச் செல்வது தவறன்று. ஆனால், அவர்கள் ஒவ்வொரு காசையும் எண்ணியதைப் போல் நாமும் எண்ணிச் செலவிட வேண்டும் என்பதே என் கருத்து.

ஐரோப்பியர் கடுங்குளிரிலிருந்து தப்பித்து வெயில் காயக் கேனரித் தீவுகளுக்கும் கரிபியன் கடலுக்கும் கப்பலேறுகின்றனர். நமக்கு வெயில் பஞ்சமில்லை; ஆண்டிறுதியில் நாம் தப்ப வேண்டியது மழையிலிருந்து. நவம்பர் தொடங்கி வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையைத் தாக்கும். ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளின் தங்குவிடுதிகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிடும். மலாக்கா நீரிணையோ தீபகற்பத்திற்கும் சுமத்திராவுக்கும் இடையே ஒதுங்கிக் கிடப்பதால் அலை குறைவு. லங்காவியிலும் புக்கெட்டிலும் திசம்பர் முதல் மார்ச்சு வரை வறண்ட காலம். ஆகவே, ஆண்டிறுதியில் பினாங்கு, லங்காவி, புக்கெட் பக்கம் செல்லும் பயணமே நமக்கு ஏற்றது.

இனி, நான் செய்த பிழையைச் சொல்கின்றேன். மகன் வரவர என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். கேட்டால் ஒரு சொல்லில் விடை, பிறகு கைப்பேசி. அவனை மகிழ்விக்கலாம் என்று எண்ணி, விளம்பரம் ஒன்றைப் பார்த்து நானே பயணத்தை முடிவு செய்தேன். முன்பணம் கட்டப் போனபோது முகவர் சொன்ன மொத்தத் தொகை விளம்பர விலையைப் போல் ஒன்றரை மடங்காக இருந்தது. கட்டாமல் வீடு திரும்பினேன். அன்றிரவு, "உனக்காகத்தானே இதெல்லாம்" என்று அவனிடம் சலித்துக்கொண்டேன். "நீங்க என்னைக் கேட்கவே இல்லையே அம்மா" என்றான். அச்சொல் என்னைச் சுட்டது. வகுப்பில் மாணவர் தாமே தேடிக் கற்க வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்தவள் நான். வீட்டில் அதை மறந்துவிட்டேன்.

மறுநாள் ஒரு பயிற்சிப் புத்தகத்தை அவனிடம் கொடுத்து, "நம் கையில் இருப்பது இவ்வளவுதான், பயணத்தை நீ தேர்ந்தெடு" என்றேன். சம்பளம், வீட்டுக் கடன், சேமிப்பு அனைத்தையும் மறைக்காமல் காட்டினேன். ஒரு வாரத்தில் அவன் கண்டுபிடித்தவை பின்வருமாறு:

முதலாவது, விளம்பரத்தில் காணும் விலை ஓர் அறையில் இருவர் தங்கினால் தலைக்கு இவ்வளவு என்பதாகும். சிறுவர் சலுகை பெரும்பாலும் அதே அறையில் தங்கும் மூன்றாம், நான்காம் ஆளுக்குத்தான். தாயும் பிள்ளையுமாக இருவர் மட்டும் சென்றால் இரண்டு முழுக் கட்டணம் என்றே கணக்கிட வேண்டும்.

இரண்டாவது, துறைமுகக் கட்டணமும் பணியாளர் சேவைக் கட்டணமும் தனி. சேவைக் கட்டணம் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கூடிக்கொண்டே போகும். இணையம், குளிர்பானம், சிறப்பு உணவகம், கரைச்சுற்றுலா ஆகியவையும் பொதுவாகத் தனி. கடல் நடுவே கைப்பேசி செயற்கைக்கோள்வழி இணைந்தால் கட்டணம் மிகுதி. அதனை விமானப் பயண நிலையில் வைத்துவிடுவது நன்று.

மூன்றாவது, சன்னல் இல்லாத உள்ளறையே மலிவு. உறங்க மட்டும்தானே அறை? கடல் மேல்தளத்தில் அனைவருக்கும் பொது.

நான்காவது, கடப்பிதழ். 13 முதல் 59 அகவை வரையிலானோருக்கு 200 ரிங்கிட். பயண நாளில் குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். ஆசிரியர்களாகிய நாம் வெளிநாடு செல்ல முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும் என்பதையும் மறவாதீர்.

ஐந்தாவது, நாள். 2026-இல் நம் கல்வியாண்டு மீண்டும் சனவரிக்கு வந்தது. சிலாங்கூரில் பள்ளி திறந்தது சனவரி 12. சிங்கப்பூரிலோ சனவரி 2. அவர்கள் பள்ளிக்குத் திரும்பியபின் நமக்கு எஞ்சும் அந்த ஒரு வாரத்தில் கூட்டம் குறையும் என்று அவன் கணித்தான். விலைகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். கணிப்பு சரியாகவே இருந்தது.

இவற்றோடு நான் சேர்த்தவை இரண்டு. கப்பல் கட்டணம் மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம், பயணிகள் சூதாட்டக் கூடத்திலும் மதுக்கூடத்திலும் கடைகளிலும் செலவழிக்கும் பணம். அக்கூடத்தில் பிள்ளைக்கு இடமில்லை; பெற்றோருக்கு உண்டு. அங்கே செல்லும் ஒவ்வொரு மணி நேரமும் பிள்ளை தனித்திருக்கும் நேரம். அடுத்து, முகவரின் உரிமத்தைச் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சில் சரிபார்த்த பின்னரே பணம் கட்டுங்கள். ஓராண்டுக்கு முன்பே முழுத்தொகையையும் செலுத்தாதீர். ஸ்டார் குரூசஸ் கப்பல்களை நடத்திய கெந்திங் ஹாங்காங் போன்ற பெருநிறுவனமே 2022 சனவரியில் கலைப்புக்கு மனுச் செய்தது. ஏமாற்றப்பட்டால் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்திற்குக் கொண்டு செல்லலாம்.

இறுதியில் மகன் தேர்ந்தெடுத்தது நான்கு இரவுப் பயணம் அன்று. இரண்டே இரவு, உள்ளறை. "மிச்சப் பணம் கூரை ஒழுகலுக்கு அம்மா" என்றான். கூரை ஒழுகுவதை அவன் கவனித்திருந்தான் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கப்பலின் மேல்தளத்தில் இரவு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். தந்தையைப் பற்றி மூன்றாண்டுகளுக்குப் பின் அவனாகவே பேசினான். ஆனால், அந்தப் பேச்சு கப்பலில் தொடங்கியதாக நான் நினைக்கவில்லை. பயிற்சிப் புத்தகத்தைக் கொடுத்த அன்றே அது தொடங்கிவிட்டது.

எனவே, பெற்றோர்களே, செல்லும் இடம் போர்ட் டிக்சனாக இருந்தாலும் புக்கெட்டாக இருந்தாலும் வளர்ந்த பிள்ளைக்குப் பயணத்தைப் பரிசாகக் கொடுக்காதீர், பொறுப்பாகக் கொடுங்கள். குடும்ப வரவு செலவை அறிந்த பிள்ளை கெட்டுப்போகாது. அதற்குக் கப்பல்தான் வேண்டும் என்பதில்லை.