தண்ணீர் இல்லாத காடா?

"உன்னைத் தண்ணீர் இல்லாத காட்டுக்கு மாற்றிவிடுவேன்!"

சினிமாவில் மேலதிகாரி இப்படி மிரட்டுவார். அந்தக் காடு எது என்று யாரும் கேட்பதில்லை. இராமநாதபுரம் சீமைதான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

உண்மையிலேயே அது தண்ணீர் இல்லாத காடா?

இல்லை.

அங்கே ஆண்டுக்குச் சுமார் 800 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. இது அற்ப மழை அல்ல. ஆனால், அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையாகக் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பிறகு வெயில்தான்.

வைகை ஆறும் அங்கே வருகிறது. வருசநாட்டு மலையில் பிறந்து, மதுரையைத் தாண்டி, கடைசியாக இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வருகிறது. மேலே உள்ளவர்களுக்குப் போக மிச்சம்தான் கடைமடைக்கு!

முன்னோர் கண்ட வழி

சமமான தரை. அணை கட்ட மலை இல்லை. முன்னோர் என்ன செய்தார்கள்?

மண்ணைக் கொட்டிக் கரை போட்டார்கள். பெய்த மழையைத் தேக்கினார்கள். ஒரு கண்மாய் நிறைந்தால், கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும். அது நிறைந்தால் அதற்கு அடுத்தது. இப்படிச் சங்கிலி போலக் கண்மாய்கள்!

இராஜசிங்கமங்கலம் கண்மாயை, 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்பார்கள். நாரையால் கூட ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாதாம். அவ்வளவு பெரிது!

சேதுபதி மன்னர்களின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இன்னும் தூரம் யோசித்தார். மேற்குக் கடலுக்கு ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பார்த்துவர, 1789-ல் 12 பேரை மலைக்கு அனுப்பினார். முடியும் என்று தெரிந்தது. செலவுக்குத்தான் பணம் இல்லை. வெள்ளைக்காரர் ஆட்சியில், 1895-ல்தான் பெரியாற்று அணை திறக்கப்பட்டது.

பழுது எங்கே?

1803-ல் சேதுபதி சீமை ஜமீன் ஆனது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆட்சி மாறியது, கண்மாயின் சொந்தக்காரரும் மாறினார். ஊர் கூடிக் கரையைச் செப்பனிடும் குடிமராமத்து வழக்கம் மெல்ல மெல்ல மறைந்தது. 'அது சர்க்கார் கண்மாய்' என்று ஊர் ஒதுங்கிக்கொண்டது.

விளைவு என்ன? வண்டல் மேடிட்டது. வரத்துக்கால் தூர்ந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேல மரம் கண்மாய்க்குள் காடாக வளர்ந்தது.

அங்கே விவசாயி மழையை நம்பிப் புழுதியில் நெல்லை விதைக்கிறார். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மழை நின்றுவிட்டால், கண்மாய்த் தண்ணீர்தான் பயிரைக் காக்கும். கண்மாயில் இல்லை என்றால், அத்தனை பாடும் வைக்கோல்தான்!

நெல்லுக்கு அடுத்தது மிளகாய். உருண்டையான இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால், பெருமையை ஊற்றிச் செடி வளர்க்க முடியாது.

கோடை வந்தால் பெண்கள் படும் பாடு சொல்லி முடியாது. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போகிறார்கள்.

செய்ய வேண்டியது என்ன?

2017-ல் தமிழக அரசு குடிமராமத்து வேலையை மீண்டும் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால், இது ஒரு கோடையோடு முடிகிற வேலை அல்ல. கண்மாய் ஆண்டுதோறும் மேடிடும். ஆண்டுதோறும் கவனிக்க வேண்டும்.

வரத்துக்காலை முதலில் திறக்க வேண்டும். வாய் அடைபட்ட பானையைக் கழுவி என்ன பயன்? தோண்டிய வண்டலை விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டும். அது வயலுக்கு நல்ல உரம்.

கருவேல மரத்தை வேரோடு எடுக்க வேண்டும். ஆனால், அந்த மரத்தைக் கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைகளும் இருக்கிறார்கள். வெட்டும் வேலையை அவர்களுக்கே கொடுக்கலாம். பிறகு வேறு பிழைப்புக்கும் வழி காட்ட வேண்டும்.

இராமநாதபுரத்தை வானம் கைவிடவில்லை. ஆண்டுதோறும் மழையைக் கொடுக்கிறது. ஏந்துகிற மடிதான் கிழிந்திருக்கிறது.

அந்த மடியைத் தைப்பது அரசின் கடமை. கூட நின்று கை கொடுப்பது ஊரின் கடமை. ஐப்பசி வருவதற்குள் செய்ய வேண்டும்!