மானத்தின் பெயரால் மௌனமா?

மாலை நான்கு மணி. சாந்தோம் நெடுஞ்சாலையிலே பள்ளிகளின் கதவுகள் திறக்கின்றன. சீருடை அணிந்த இளமை வெள்ளம் கரை கொள்ளாது பெருகி வருகிறது. பேருந்தின் இரைச்சலையும் வென்று ஒலிக்கிறது பிள்ளைகளின் சிரிப்பொலி. அந்தச் சிரிப்பின் நடுவே, மகளை அழைத்துச் செல்ல வந்த தாயொருத்தி தரும் அறிவுரையைக் கேளுங்கள், தோழர்களே!

"குனிந்த தலை நிமிராமல் நட. எவன் எது சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. ஏதாவது நடந்தாலும் வெளியே சொல்லிவிடாதே. நம் மானம் போய்விடும்!"

அந்தத் தாய்மீது நமக்குச் சினமில்லை. தன் தாய் தனக்குத் தந்ததையே அவள் தன் மகளுக்குத் தருகிறாள். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் பாழும் சீதனம் அது! நமது சினமெல்லாம் அந்தச் சீதனத்தின்மீதுதான்.

கேட்கிறோம்: குனிந்த தலை எந்தக் கயவனைத் தடுத்தது? தலை குனிந்து நடப்பவள் தரையைக் காண்பாள். தன்னைத் தொடர்பவனைக் காணமாட்டாள். அவள் வாயை மூடச் சொல்வது அவளுடைய மானத்தைக் காப்பதாகுமா? மானங்கெட்டவனுக்கல்லவா அது காவல்!

1998 ஜூலையிலே, இதே சென்னையில், எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருத்தி, ஆட்டோவில் வந்த கூட்டமொன்றின் வெறியாட்டத்தால் கீழே விழுந்து, தலையில் அடிபட்டு, உயிர் துறந்தாள். அதன் பிறகே தமிழ்நாடு தனிச் சட்டம் கண்டது. அச்சட்டத்திற்கு முதலில் சூட்டப்பட்ட பெயர் என்ன தெரியுமா? 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம்! உயிரைக் குடித்த கொடுமைக்குப் பெயர் சீண்டலாம், கேலியாம்! பெண்களைத் துன்புறுத்துதல் என்று அதன் பெயர் மாறியது பின்னர்தான். குற்றத்தை விளையாட்டென்று அழைக்கும் சமுதாயத்திலே, குற்றவாளி விளையாடிக்கொண்டுதானே இருப்பான்?

இனி, வீட்டிலே சொல்லப்படும் மற்றொரு கதைக்கு வருவோம். பிள்ளை பிடிப்பவன் கதை! சாக்கு மூட்டையோடு எங்கிருந்தோ வருவானாம். மிட்டாய் கொடுத்து மயக்குவானாம். இந்தப் பூச்சாண்டிப் புளுகு 2018 மே மாதம் கைப்பேசியில் ஏறிற்று. திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டியைக் கும்பல் ஒன்று அடித்தே கொன்றது. அந்தோ! அன்பு காட்டிய கரம் அறியாமைக்குப் பலியாயிற்று.

உண்மையான கயவன் எங்கிருக்கிறான்? இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களிலே 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்த ஆய்வு. அவர்களில் 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறினர். தொல்லை தந்தவர்களிலே பாதிப்பேர் குழந்தை அறிந்தவர்கள். நம்பிக்கைக்கும் பொறுப்புக்கும் உரிய இடத்தில் இருந்தவர்கள்! பெரும்பாலான பிள்ளைகள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் காதில் வாங்குங்கள். ஆளானவர்களிலே பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஆண்பிள்ளைகள்! "ஆண்பிள்ளைக்கு என்ன வந்துவிடும்?" என்று மார்தட்டும் தந்தைமாரே, என்ன சொல்லப் போகிறீர்கள்? மகளுக்கு மானமென்று பூட்டு. மகனுக்கு வீரமென்று பூட்டு. பூட்டு வேறு, பூட்டப்பட்ட வாய் ஒன்றே!

பொள்ளாச்சியை மறந்துவிட்டோமா? இளம்பெண்களைச் சீரழித்து, அதைப் படமெடுத்து, அந்தப் படத்தையே காட்டி மிரட்டிற்று ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தின் படைக்கலம் கத்தியா? துப்பாக்கியா? இல்லை. "வெளியே தெரிந்தால் உன் மானம் போகும்" என்ற ஒரே வாக்கியம்! அதை அவர்களுக்குச் செய்து கொடுத்த கொல்லன் யார்? நாம்தான், நமது கற்புக் கதைகள்தான். 2019-இல் மாணவி ஒருத்தி துணிந்து வாய் திறந்தாள். அவளைக் காக்க வேண்டிய காவல்துறை அதிகாரியே அவள் பெயரை ஊரறியச் சொன்ன வெட்கக்கேடும் நிகழ்ந்தது. ஆயினும் பெண்கள் பின்வாங்கவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறையென்று தீர்ப்பளித்தது. மானம் யாருக்குப் போயிற்று? சொன்னவளுக்கா? செய்தவனுக்கா?

இளைஞர்களே! தாயத்து காக்காது, சட்டம் காக்கும், அறிந்தவனை மட்டும். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது போக்சோ சட்டம். பதினெட்டு வயது நிரம்பாத ஆணும் பெண்ணும் அதன் பாதுகாப்பிலே அடக்கம். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ செய்தித்தாள் வெளியிடுதல் குற்றம். வாக்குமூலம் வாங்கப் பிள்ளை இருக்கும் இடத்துக்கே, சீருடையின்றி, காவலர் வர வேண்டும். எக்காரணங்கொண்டும் இரவிலே பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்தல் ஆகாது.

பள்ளியின் நற்பெயர் கெட்டுவிடுமென்று குற்றத்தை மூடி மறைக்கும் தலைமைகளும் கேட்கட்டும்! தமக்குக் கீழ்ப் பணிபுரிவோன் செய்த குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையென்கிறது அதே சட்டம். மறைத்துக் காக்கும் பெயர் நற்பெயராகாது. கண்டித்துக் காக்கும் பெயரே நற்பெயர்.

எத்தனை வகுப்பறைகளிலே இந்தச் சட்டம் எளிய தமிழில் சொல்லித் தரப்படுகிறது? 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணும் வாய்ப்பாடு போல மனப்பாடமாக வேண்டாமா? பிள்ளை வந்து சொன்னால், "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்காமல், "நான் இருக்கிறேன், சொல்" என்று கேட்கும் செவி ஒவ்வொரு வீட்டிலும் வேண்டாமா?

தோழர்களே! உங்கள் தெருப் பள்ளியிலிருந்து தொடங்குங்கள். அந்த இரண்டு எண்களையும் சுவரிலே எழுதுங்கள். அச்சட்டத்தைப் படிப்பகத்திலே விளக்குங்கள். தங்கைக்கும் தம்பிக்கும் சேர்த்தே சொல்லுங்கள். நாளை மாலை நான்கு மணிக்குச் சாந்தோம் பள்ளி வாயிலிலே வேறோர் அறிவுரை ஒலிக்கட்டும்: "நிமிர்ந்து நட. எவன் தொல்லை தந்தாலும் உரக்கச் சொல். வெட்கப்பட வேண்டியவன் அவன்!"