உழவர் கேள்வி: பன்றிக்கு எந்தத் துப்பாக்கி?

பட்டாபிராமில் குடியிருக்கும் முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊத்துக்கோட்டை பக்கம் மனைவி வழியில் வந்த ஒன்றரை ஏக்கர் நிலம். போன பட்டத்தில் வேர்க்கடலை போட்டார். விழுது இறங்கிக் காய் முற்றும் நேரத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் மூன்றே இரவில் பாதிக் கொல்லையை உழுதுவிட்டது. ஓய்வுப் பணத்தில் ஒரு லட்ச ரூபாயை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறார். பணியில் எஸ்.எல்.ஆர். பிடித்த கை. அதே போல ஒவ்வொரு தடவையும் தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைபிள் ஒன்று வாங்க ஆசை. கைப்பேசியில் பார்த்ததில் இரண்டு மாதிரி பிடித்திருக்கிறது: ஒன்று மரக்கட்டை வைத்த பழைய வாகு, இன்னொன்று கறுப்புப் பிளாஸ்டிக் உடம்போடு ராணுவத் தோற்றம். "பட்ஜெட்டுக்குள் எது நல்லது? வீட்டுக்காரம்மா அந்தப் பணத்தில் வேலி போடச் சொல்கிறார்" என்று முடிகிறது கடிதம்.

கேட்ட கேள்விக்கே முதலில் பதில். அவர் பார்த்தது பெரும்பாலும் அமெரிக்கக் காட்சிகளாக இருக்கும். அங்கே பண்ணைக்காரர்கள் இந்த இரண்டு வகையையும் பன்றிக்கு வைத்திருக்கிறார்கள். மரக்கட்டை வகைக்குப் பேர்போனது மினி-14, கறுப்பு வகைக்கு ஏஆர்-15. இரண்டிலும் .223 தோட்டாவே போகும். இரண்டும் விசையை ஒரு தரம் இழுத்தால் ஒரு குண்டு. பன்றியின் மேல் படும்போது வித்தியாசம் ஒன்றும் இல்லை. கறுப்பு வகையைப் பல கம்பெனிகள் செய்வதால் உதிரிப் பாகம் மலிவு. மர வகையை ஒரே கம்பெனி செய்வதால் அதன் தோட்டாப் பெட்டிகூட விலை கூடுதல். மரம் ஈரத்துக்கு உப்பும், பிளாஸ்டிக்குக்கு அந்தக் கவலை கிடையாது. அமெரிக்காவில் கேட்டிருந்தால் பதில் இத்தோடு முடிந்திருக்கும். அங்கே காட்டில் திரியும் பன்றி வெளியிலிருந்து வந்து பெருகிய இனம், அதற்குச் சட்டப் பாதுகாப்பு பெரிதாக இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் இந்த இரண்டும் கடைக்கு வராது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் 2016-ல் வந்த விதிகள், தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளைப் பொதுவாக மத்திய அரசின் கையில் வைத்திருக்கின்றன. கமிஷனரோ கலெக்டரோ கொடுக்கக்கூடிய லைசென்சில் அது அடங்காது. ராணுவத் தோட்டா ஏறும் .303, 7.62 போன்ற ரைபிள்களும் அப்படித்தான். எஸ்.எல்.ஆர். ஓடியது 7.62-ல் என்பது அவருக்கே தெரியும். பணியில் கொடுத்த துப்பாக்கி வேறு, வீட்டில் வைக்கும் துப்பாக்கி வேறு. தடை செய்யப்பட்ட வகையை அனுமதியில்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 7 ஆண்டில் தொடங்கி 14 ஆண்டு வரை போகும். "தெரிந்த ஆள் மூலம் வடக்கே கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

இந்தக் கட்டுப்பாடு நம்மிடம் மட்டும் இருப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தர் என்ற ஊரில் ஒரே ஆள் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகு அந்நாடு இவ்வகைத் துப்பாக்கிகளைப் பொதுமக்களிடமிருந்து விலைகொடுத்துத் திரும்ப வாங்கியது. விவசாயத்தையே தொழிலாகக் கொண்டவர் மட்டும், காரணம் காட்டி, .22 அளவில் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளாத சிறு ரைபிள் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்கள்.

சரி, பட்டாபிராம்காரருக்கு எது கிடைக்கும்? ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு விவசாயியைத் தனியாக நினைத்துப் பார்த்திருக்கிறது. பயிர்க் காவலுக்கென்று உண்மையாகக் கேட்பவருக்கு, குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம். அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால், உள்ளே வரி வெட்டாத வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும் தரலாம். நடைமுறையில் இது 12 போர் துப்பாக்கியைக் குறிக்கும். பயிர்க் காவலுக்கு ரைபிள் தருவதைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை.

அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ரைபிள் குழலுக்குள் சுருள் வரி வெட்டியிருப்பதால் குண்டு சுழன்றுகொண்டே போகும். .22 சிறு குண்டுகூட ஒன்றரை மைல் வரை போகும் என்று தோட்டாப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சடித்திருக்கும். .315 போன்ற பெரிய ரைபிள் அதற்கும் அப்பால் போகும். 12 போர் சிதறு ரவை நாற்பது கெஜத்துக்குள்தான் வேலை செய்யும், சில நூறு கெஜத்தில் உயிரிழந்து விழுந்துவிடும். திருநின்றவூர், வேப்பம்பட்டு, திருமழிசைப் பக்கம் இன்று கொல்லைக்கும் மனைக்கும் நடுவே ஒரு வரப்புத்தான் இருக்கிறது. நெல்வயலை ஒட்டி மாடி வீடு, அதை ஒட்டிப் பள்ளிக்கூடம். ஊத்துக்கோட்டைப் பக்கம் கொஞ்சம் விலாசம் இருக்கலாம், ஆனால் இரவு பதினொரு மணிக்கு அடுத்த கொல்லையில் தண்ணீர் பாய்ச்ச யார் நிற்கிறார் என்று யாருக்குத் தெரியும்? பன்றி என்று நினைத்துச் சுட்டு ஆள் விழுந்த செய்தி அவ்வப்போது நாளிதழில் வருகிறது. பல தடவை சுட்டவரும் விழுந்தவரும் ஒரே ஊராகத்தான் இருக்கிறார்கள்.

12 போர் என்று வந்தால் பட்ஜெட்டில் தேர்வு ஒற்றைக் குழலா, இரட்டைக் குழலா, அல்லது முன்பிடியை இழுத்துத் தள்ளும் பம்ப் வகையா என்பதுதான். பம்ப் வகையில் தோட்டா கூடுதலாக நிற்கும், பாகமும் கூடுதல், துடைப்பதும் கூடுதல். இரட்டைக் குழலை மடக்கித் திறந்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கும்போது அது சின்ன விஷயம் இல்லை. பணம் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் வயதான லைசென்ஸ்தாரரிடம் பழைய இரட்டைக் குழலை, அதிகாரியின் அனுமதியோடு, கைமாற்றி வாங்குவதுண்டு. அப்போது மடக்கும் கீலில் ஆட்டம் இருக்கிறதா, குழல் உள்ளே துருப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீட்டரா 70 மில்லிமீட்டரா என்று குழலின் அடியில் வெட்டியிருக்கும். 65 அறைக்குள் 70 தோட்டாவும் நுழைந்துவிடும், வெடிக்கும்போதுதான் நீளம் போதாமல் அழுத்தம் ஏறும். பழைய துப்பாக்கி வாங்கியவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்.

ஆவடி மாநகரக் காவல் ஆணையரகம் 2022 ஜனவரி 1 முதல் இயங்குகிறது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி, பட்டாபிராம் வாசிகள் விண்ணப்பிக்க வேண்டியது அங்கே. ஆணையரகத்துக்கு வெளியே மாவட்ட நிர்வாகத்தைப் பார்க்க வேண்டும். பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று கேட்பார்கள். முன்னாள் வீரர் தன் பணிச் சான்றைச் சேர்த்து வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். லைசென்ஸ் 5 ஆண்டுக்கு, பிறகு புதுப்பிக்க வேண்டும். தேர்தல் வந்தால் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்க வேண்டும். ஒரு சமயத்தில் எத்தனை தோட்டா, ஆண்டுக்கு எத்தனை என்று லைசென்சிலேயே எழுதியிருப்பார்கள்.

இவ்வளவும் ஆன பிறகு வருகிறது பெரிய முடிச்சு. லைசென்ஸ் கிடைத்த துப்பாக்கியால் காட்டுப்பன்றியைச் சுடலாமா? முடியாது. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022 திருத்தத்துக்குப் பிறகு, காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. தலைமை வனஉயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்து மூலம் அனுமதித்தால் ஒழிய, நின்ற பயிரை அழித்தாலும் கொல்லக் கூடாது. காயப்படுத்துவதும் வேட்டைதான் என்று சட்டம் சொல்கிறது. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். அவர் ஒதுக்கி வைத்திருக்கும் தொகையும் அதுதான். அதோடு நீதிமன்றம் துப்பாக்கி லைசென்சை ரத்து செய்து 5 ஆண்டுக்கு வேறு லைசென்ஸ் பெற முடியாதபடி உத்தரவிடலாம். மயிலும் குரங்கும் என்றால் இன்னும் கடுமை: மயிலும் நம் நாட்டுக் குரங்கும் முதல் அட்டவணை.

லைசென்ஸ் வேண்டாத ஏர்கன் போதுமே என்று அம்பத்தூர்ப் பக்கம் சிலர் கேட்பதுண்டு. .177 அளவில், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலில் உள்ளதற்குத்தான் அந்தச் சலுகை. அது பன்றித் தோலைக் கீறிக் கோபப்படுத்தும், சட்டமோ அதையும் வேட்டைக் கணக்கில்தான் எழுதும். காயம்பட்ட ஆண் பன்றி புதரை விட்டு வெளியே வரும் வேகத்தைப் பார்த்தவர்கள் மறுபடி அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

சுடும் வழி அரசிடம் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு செய்த ஏற்பாட்டின்படி, காப்புக் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு வெளியே சுற்றுவதை வனத்துறையின் பயிற்சி பெற்றவர்கள் சுடலாம். கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனத்துறையினர் சேர்ந்த குழு இதைப் பார்க்கும். ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது கொல்லைக்கும் காப்புக் காட்டுக்கும் எவ்வளவு தூரம் என்பது. ஊரில் தனியாளாக மனு கொடுப்பதைவிட ஏழெட்டுக் கொல்லைக்காரர்கள் சேர்ந்து, சர்வே எண்ணோடு கொடுத்தால் நகரும்.

இனி அந்த ஒரு லட்சம். 105 நாள் வேர்க்கடலையில் பன்றிக்குப் பசி எடுப்பது விழுது இறங்கிக் காய் பிடித்த கடைசி நாற்பது நாளில்தான். ஆண்டு முழுக்கக் காவல் தேவையில்லை, அந்த நாற்பது நாளைக் கட்டினால் போதும். கொல்லையைச் சுற்றி நெருக்கமாக ஆமணக்கு வரிசை போடுவது செலவில்லாத வேலை, பன்றிக்கு அந்த வாடை ஆகாது. ஆமணக்கு உயர்ந்து அடர, வேர்க்கடலை விதைக்கும்போதே அதையும் ஊன்ற வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பன்றி விரட்டி மருந்தைத் துளையிட்ட சிறு பாட்டிலில் ஊற்றிக் கொல்லையைச் சுற்றிக் கம்பில் கட்டித் தொங்கவிடலாம். மழை பெய்தால் திரும்ப ஊற்ற வேண்டும். பழைய சேலை கட்டுவது முதல் வாரம் பலன் தரும், அப்புறம் பன்றி பழகிவிடும்.

வீட்டுக்காரம்மா சொன்ன வேலிக்கு வருவோம். சூரிய மின்வேலி விட்டு விட்டு ஒரு கணம் அடித்துத் துரத்தும், சாகடிக்காது. தமிழ்நாட்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 2023-ல் தனி விதிகள் வந்திருக்கின்றன. தரச்சான்று உள்ள கருவிதான் வைக்க வேண்டும். காட்டை ஒட்டிய இடமானால் வனத்துறையைக் கேட்காமல் கம்பி இழுக்கக் கூடாது. மானியம் இருக்கிறதா என்று வேளாண் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பிறகு கடைக்குப் போவது நல்லது. வாங்கிவிட்டுக் கேட்டால் கிடைக்காது. பன்றிக்குக் கீழ்க்கம்பிதான் முக்கியம்: தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போனால் மூக்கை நுழைத்து அடியில் புகுந்துவிடும். புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், ஆகவே வாரம் ஒரு தரம் வேலியடியில் களை எடுக்க வேண்டும். மோட்டார் கொட்டகை மின் இணைப்பிலிருந்து நேராகக் கம்பிக்குக் கொடுப்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். அதில் பன்றியைவிட முதலில் மாட்டுக்கு ஓடி வரும் பிள்ளை மாட்டும்.

போன பட்டத்துச் சேதத்துக்கு அவர் மனு கொடுத்ததாகக் கடிதத்தில் இல்லை. அடுத்த தடவை நடந்தால், உழுது போட்ட கொல்லையை அன்றே தேதியோடு நாலு பக்கமும் படம் எடுத்து, அடங்கல் நகலோடு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனுக் கொடுக்க வேண்டும். நிலம் மனைவி பேரிலிருந்தால் கையெழுத்தும் வங்கிக் கணக்கும் அவருடையதாக இருக்கட்டும். கிளறிய இடத்தைச் சரிசெய்து மறு உழவு ஓட்டிவிட்டுப் போய்க் கேட்டால் பார்க்க வருபவருக்கு எழுத ஒன்றும் இருக்காது.