குதிரையின் வயிறும் நமது அறியாமையும்

நெடுந்தீவில் வரட்சி முற்றும் ஆண்டுகளில், அங்கு கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள் மடிந்த செய்தி பத்திரிகைகளில் வருவது வழமை. நீரின்றி இறந்தன என்ற ஒற்றை வரியுடன் அது முடிந்துவிடும். அத்தகைய செய்திகளைச் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியவர்களுள் நானும் ஒருவன். நீரின்மை குதிரையின் வயிற்றை என்ன செய்கின்றது என்பதை நாம் எழுதியதில்லை.

குதிரை தோற்றத்தில் வலியது, வயிற்றில் நொய்தானது. அதன் இரைப்பை சிறியது. மாட்டைப்போல் அசைபோடவும் நம்மைப்போல் வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. உட்சென்றது குடல்வழியேதான் வெளியேற வேண்டும். வளர்ந்த குதிரைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 50 லீற்றர் நீர் தேவை. அது குறைந்தால், காய்ந்த புல் பெருங்குடலில் இறுகி அடைத்துக்கொள்ளும். புல் அற்ற தரையில் வேரோடு மண்ணையும் தின்றால், மண் குடலினடியில் படியும். குதிரை வளர்ப்போர் பெரிதும் அஞ்சும் வயிற்றுநோவு இவ்வாறுதான் தொடங்குகின்றது.

மாப்பொருள் மிகுந்த தீனி இன்னொரு காரணம். 13ஆம் நூற்றாண்டின் பாண்டிநாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, பெரும்பொருள் கொடுத்துக் கடல்வழியே தருவித்த குதிரைகள் விரைவில் மாண்டதையும், அவற்றுக்குச் சோறும் அவித்த இறைச்சியும் ஊட்டப்பட்டதையும் குறிப்பிடுகின்றார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் அங்கு செல்லாதவாறு வணிகர்களே தடுத்தனராம். மாண்டால்தானே மீண்டும் விற்கலாம்!

நோவு கண்ட குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்குளம்பால் நிலத்தைக் கிளறும், படுத்து உருளும், வியர்க்கும், தீனி தொடாது, இலத்தி போடாது. ஓய்விலிருக்கையில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிப்பது இயல்பு. 60ஐத் தாண்டினால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. தீனியை அகற்றிவிட்டு மிருக வைத்தியரை அழைக்க வேண்டும். வாயில் எண்ணெய் ஊற்றும் கைவைத்தியம் கூடவே கூடாது. அது நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம்.

தொழுவத்துக் குதிரைக்கு எந்நேரமும் புல்லும் நீரும் வைக்கலாம், தீனியை ஒரு கிழமை, பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்றலாம், பற்களைப் பார்ப்பிக்கலாம், இலத்தியைச் சோதித்துப் பூச்சிமருந்து கொடுக்கலாம். கட்டாக்காலிக் குதிரைக்கு இவற்றுள் நம்மால் இயல்வது பெரும்பாலும் நீர் ஒன்றே. தொட்டிகளைக் குதிரை விழுந்த பின்னர் அல்ல, வைகாசியிலேயே நிரப்பத் தொடங்க வேண்டும். படம் பிடிக்கப் படகேறிச் செல்லும் நம்மவர் பாணையும் பிஸ்கற்றையும் நீட்டாதிருந்தால், அதுவும் ஓர் உபகாரமே.