போர்ச்சூழலில் உக்ரைனின் டயாலிசிஸ் சேவை

2022 பிப்ரவரியில் ரஷ்யா முழு அளவில் படையெடுத்தபோது, உக்ரைனில் ஏறத்தாழ 10,000 பேர் டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பை நம்பி உயிர்வாழ்ந்து வந்தனர். இச்சிகிச்சை பொதுவாக வாரத்திற்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் அளிக்கப்படுகிறது. ஒரு முறைக்கு மட்டும் 120 லிட்டர் அளவில் தூய்மையாக்கப்பட்ட நீர் செலவாகும். எனவே குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் தாக்கப்படும்போது, இயந்திரம் சேதமின்றி இருந்தாலும் சிகிச்சை நின்றுவிடுகிறது.

சிறுநீரக மருத்துவத்தில் உக்ரைனுக்குத் தனி இடம் உண்டு. இறந்தவரின் சிறுநீரகத்தை மனிதருக்குப் பொருத்தும் முதல் முயற்சியை, 1933-இல் கெர்சன் நகரில் யூரி வோரோனி மேற்கொண்டார். நோயாளி இரண்டே நாள்களில் இறந்துவிட்டார். ஆயினும் சோவியத் காலம் முழுவதும் டயாலிசிஸ் வசதி பெருநகரங்களோடு நின்றது. 1988-இல் ஆர்மீனிய நிலநடுக்கத்தில் இடிபாடுகளில் நசுங்கிச் சிறுநீரகம் செயலிழந்தோரைக் காக்க, வெளிநாடுகளிலிருந்து இயந்திரங்களும் மருத்துவர்களும் வர வேண்டியிருந்தது.

விடுதலைக்குப் பின் உக்ரைனில் சேவை படிப்படியாக விரிந்தது. 2018-இல் நிறுவப்பட்ட தேசிய சுகாதாரச் சேவை, இன்று இச்சிகிச்சைக்கான செலவை மருத்துவமனைகளுக்கு வழங்குகிறது. போரின் தொடக்க வாரங்களில் பல நிலையங்கள் சிகிச்சையை வாரம் 2 முறையாகக் குறைத்தன. இது உயிரை நீட்டிக்குமேயன்றிப் போதுமான சிகிச்சை ஆகாது. உடலில் நீரும் பொட்டாசியமும் தேங்கினால் இதயத்துடிப்பே தடுமாறக்கூடும். 2024 ஜூலை 8 அன்று கீவ் நகரின் ஓக்மத்தித் குழந்தைகள் மருத்துவமனையை ஏவுகணை தாக்கியதில், சிறார்களுக்கு டயாலிசிஸ் அளித்துவந்த கட்டடமே இடிந்தது.

மின்னாக்கிகள் அவசியமானவை, ஆனால் அவை மட்டும் போதா. வயிற்றறை வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்குப் பெருமளவு நீர் தேவையில்லை. கையால் செய்யும் முறைக்கு இயந்திரமும் வேண்டாம். எனினும் கரைசல் பைகள் தவறாமல் வந்துசேர வேண்டும். நிலையத்தைச் சார்ந்திருப்பதிலிருந்து விடுவிப்பது சிறுநீரக மாற்றுச் சிகிச்சையே. போருக்கு நடுவிலும் உக்ரைனில் உறுப்பு மாற்று அறுவைகள் கூடியிருப்பது இவ்வகையில் கவனத்திற்குரியது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளை நாள்தோறும் உட்கொண்டாக வேண்டும். ஆனால் இடம்பெயர நேரும்போது ஒரு மாதத்திற்குரிய மாத்திரைகளை உடன் எடுத்துச்செல்ல இயலும்.